முதல் எது, பலன் எது?

சிறு விவசாயிகள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் கிராமங்களில் வழங்கும் பழமொழி. கணக்குப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று சொல்வதற்குத்தான் பலரும் இதை எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் கணக்குப் பார்க்காமல் விட்டதால் உழக்கு மிஞ்சியவர் யாரும் இல்லை.

அறுவடை முடிந்து களத்து மேட்டில் உட்காரும்போது, "இந்தப் போகம் முதலுக்கே மோசம்" என்று சொல்கிறோம். எந்த முதல்? கையிலிருந்து போட்ட பணமா? சங்கத்தில் வாங்கிய கடனா? வீட்டில் இருந்த விதை நெல்லா? போன மாதம் விற்ற கிடேரியா? கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. 'முதல்' என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள் அடங்கியிருப்பதே காரணம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நம் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தெரியும்.

சொல்லிலேயே இருக்கிறது பாடம்

மூலதனத்துக்கு ஆங்கிலத்தில் 'கேப்பிடல்' என்று பெயர். தலைநகருக்கும் அதே சொல். தலையை வாங்கும் மரண தண்டனைக்கும் அதே சொல். இவை எல்லாவற்றுக்கும் வேர், 'தலை' என்று பொருள்படும் 'கபுட்' என்ற லத்தீன் சொல். மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் மனிதனின் சொத்து அவன் கொட்டிலில் நின்ற மாடுகளே.

நம் மொழியில் இது இன்னும் நேராகவே இருக்கிறது. 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் உண்டு. திருக்குறளில் கல்வி அதிகாரத்தில் அச்சொல் அந்தப் பொருளில்தான் வருகிறது.

'முதல்' என்ற சொல்லையும் பாருங்கள். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்கிறது. விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. நிலமும் பருவமும் இருந்தால்தான் மற்றதெல்லாம். இலக்கணத்தில் முழுப் பொருளை 'முதல்' என்றும், அதன் உறுப்பைச் 'சினை' என்றும் சொல்வார்கள். மரம் முதல், கிளையும் இலையும் காயும் சினை. கிளையைக் கழிக்கலாம், காயைப் பறிக்கலாம், மரத்தை வெட்டினால் அடுத்த ஆண்டு காய் இல்லை. மூலதனம் பற்றிய பாடத்தின் சாரம் இவ்வளவுதான்.

சாவா மூவாப் பேராடு

இந்தப் பாடத்தை நம் முன்னோர் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் பெரும்பாலும் 96 ஆடுகளைத் தானமாகக் கொடுப்பார். அவற்றை ஓர் இடையர் பொறுப்பில் விடுவார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும்.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் வழங்கும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு! ஆடு சாகாமல் இருக்குமா? தனித்தனி ஆடு சாகும்; மந்தை சாகாது. இறந்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளை நிறுத்தி, எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையரின் பொறுப்பு. 96 என்ற எண் நின்றால் உழக்கு நெய்யும் நிற்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ரொக்கமாகக் கொடுத்த தானத்துக்கும் இதே முறைதான். பணத்தை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்தார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்கு 12.5. கோயில் செலவு வட்டியில் நடக்கும். முதலைத் தொடுவதில்லை.

பழமொழியில் மிஞ்சாமல் போன உழக்கு, கல்வெட்டில் நாள் தவறாமல் கிடைத்தது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே முதல் எது, பலன் எது என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

இனி நம் கொல்லைக்கு வருவோம். நம்முடைய 96 ஆடுகள் எவை?

1. மண்

ஒரு டன் நெல் விளைய, பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு 2 டன் மகசூல் என்றால் 30 முதல் 40 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்து சுமார் 20 கிலோ. ஆக, ஒன்றரை முதல் இரண்டு மூட்டை யூரியாவில் உள்ள சத்து ஒரே போகத்தில் வயலை விட்டுப் போகிறது. சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலோடு போய்விடுகிறது. வைக்கோலை விற்றுவிட்டு யூரியாவை மட்டும் போடுகிறவர், சாம்பல் சத்துக் கணக்கில் ஆண்டுதோறும் முதலை எடுத்துச் சாப்பிடுகிறார். ஐந்தாறு ஆண்டு தெரியாது. பிறகு நிலம் காட்டிக்கொடுக்கும்.

வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பாஸ் புத்தகம் பார்க்கிறோம். மண்ணுக்குப் பாஸ் புத்தகம் மண்வள அட்டை. 2015-ல் இந்தத் திட்டம் தொடங்கியது. அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஓர் எண் இருக்கும். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் நல்லது. குறைவாக இருந்தால், தொழு உரம் இடுவதையும் தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்து 45 நாள் அளவில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதையும் செலவாக நினைக்கக் கூடாது. அது மந்தையில் குறைந்த ஆட்டைத் திரும்ப நிறுத்துவது.

2. தண்ணீர்

மழை பலன், நிலத்தடி நீர் முதல். ஆண்டு மழையில் ஊறுகிற அளவுக்குள் இறைத்தால் கிணறு என்றும் கைகொடுக்கும். ஊறுவதைவிட அதிகமாக இறைத்தால், வட்டி போதாமல் முதலில் கை வைக்கிறோம் என்று பொருள். ஆண்டுக்கு ஆண்டு ஆழ்துளைக் கிணற்றில் கூடுதல் குழாய் இறக்குகிறவர், புது முதல் போட்டு எஞ்சிய பழைய முதலை எடுத்துக்கொண்டிருக்கிறார். பண்ணைக் குட்டை, வரப்பை உயர்த்துதல், சொட்டு நீர் ஆகியவை முதலைக் காக்கும் வழிகள்.

3. விதை

விதையைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. பொருளாதார நூலறிஞர் ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில், விவசாயியின் மூலதனத்தை இரண்டாகப் பிரித்தார். உழவு மாட்டின் விலை நிலையான மூலதனம். அதன் தீவனச் செலவு சுழலும் மூலதனம். விதையை எதில் சேர்ப்பது? ஒரே போகத்தில் மண்ணுக்குள் போய்விடுகிறதே, சுழல்வதில் சேர்க்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் நிலையானதில் சேர்த்தார். விதை குதிருக்கும் நிலத்துக்கும் போய்வந்தாலும் கை மாறுவதில்லை. விவசாயிக்கு லாபம் அதை விற்பதால் வருவதில்லை, அது பெருகுவதால் வருகிறது என்பது அவர் சொன்ன காரணம். பஞ்சத்திலும் விதை நெல்லைத் தொடாத நம் பாட்டிமார் அந்த நூலைப் படித்ததில்லை, கணக்கு ஒன்றுதான்.

விதை விற்பனைக் கடைக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். வீரிய ஒட்டு ரக விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடியாது. அதற்குப் போகம்தோறும் பணம் வேண்டும். சாதாரண ரகங்களில் சொந்த விதை எடுத்து வைக்கலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிர்ந்துகொள்ளவும், வணிகப் பெயர் இல்லாமல் விற்கவும்கூட விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. கலப்பு ஏற்படாமல் சில போகங்களுக்கு ஒருமுறை சான்று விதைக்கு மாறிக்கொண்டால் போதும்.

அறிவும் ஒரு முதல்தான். குறுகிய கால நெல் ரகத்தைச் சாதாரண முறையில் நட ஏக்கருக்கு 24 கிலோ விதை வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் 3 கிலோ போதும். 21 கிலோ விதை மிச்சம்.

4. மாடு

ஒரு கறவை மாட்டை ரூ.60,000-க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆறு ஈத்து கறந்தபின் ரூ.18,000-க்கு விலை போகிறது. குறைந்த தொகை ரூ.42,000. ஆறால் வகுத்தால் ஈத்துக்கு ரூ.7,000. பால் பணத்தில் தீவனச் செலவு போக மிஞ்சுவதெல்லாம் லாபம் இல்லை, ஈத்துக்கு ரூ.7,000 மாட்டின் தேய்மானம். அதைத் தனியே எடுத்து வைக்காதவர், ஆறாவது ஈத்துக்குப் பிறகு மறுபடியும் கடன் வாங்கித்தான் மாடு வாங்க வேண்டும்.

தேய்மானத்தைப் பணமாகச் சேர்க்க முடியாதவருக்கும் ஒரு வழி உண்டு. பிறந்த கிடேரிக் கன்றை விற்காமல் வளர்ப்பதே அது. கலப்பினக் கிடேரி இரண்டரை, மூன்று ஆண்டில் ஈன்றுவிடும். தாய் ஓய்கிற நேரத்தில் மகள் கறவைக்கு நிற்பாள். இதுதான் சாவா மூவாப் பேராட்டின் கணக்கு. உர மூட்டை வாங்கக் கிடேரியை விற்பது, இலை வாடுகிறது என்று வேரை வெட்டி உரமாகப் போடுவது போன்றது.

மோட்டார், தெளிப்பான், ஏர்க் கலப்பை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ரூ.40,000 மோட்டார் பத்து ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு ரூ.4,000 தேய்மானம்.

5. கடன்: யாருடைய முதல்?

கடன் பத்திரத்தில் 'முதலும் வட்டியும்' என்று எழுதுகிறோம். அந்த முதல் நம்முடையது இல்லை, கொடுத்தவருடையது. அவருக்கு முதல், நமக்குக் கடன். அவர் போட்ட 96 ஆட்டை நாம் மேய்க்கிறோம். நெய் அவருக்குப் போகிறது. எனவே அந்த நெய் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரூ.50,000-ஐ ஆறு மாதத்துக்கு வாங்கினால்:

வெளியில் நூற்றுக்கு மாதம் ரூ.3 வட்டி: ரூ.9,000

வங்கிப் பயிர்க்கடன், ஆண்டுக்கு 7 சதவீதம்: ரூ.1,750

வங்கியில் உரிய தேதிக்குள் கட்டினால், 3 சதவீதச் சலுகை போக 4 சதவீதம்: ரூ.1,000

தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், தவணை தவறாமல் கட்டினால்: வட்டி இல்லை

தேதி தவறினால் சலுகை போய்விடும். அந்தத் தேதியை நடவுத் தேதியைப் போல் நினைவில் வைக்க வேண்டும். கிசான் கிரெடிட் கார்டு 1998-ல் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் ரூ.2 லட்சம் வரையான விவசாயக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆடு, மாடு வளர்ப்புக்கும் இந்தக் கார்டில் கடன் உண்டு.

கட்டாத வட்டி முதலோடு சேர்ந்தால் என்ன ஆகும்? நூற்றுக்கு மாதம் ரூ.2 என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். வாங்கிய ரூ.10,000 ஓராண்டில் ரூ.12,400, இரண்டாம் ஆண்டில் ரூ.15,376, மூன்றாம் ஆண்டில் ரூ.19,066. வட்டி குட்டி போடுகிறது என்று சொல்வது இதைத்தான். நம் கொட்டிலில் கிடேரி வளர்கிற அதே மூன்று ஆண்டில், கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. பயிர்க்கடன் ஒரு போகத்துச் செலவுக்கானது. அறுவடையில் திரும்ப வருவது. அதற்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். கிணறு, மோட்டார், கொட்டகை ஆகியவை பல ஆண்டுகளில் பலன் தருபவை. அவை நிலையான மூலதனம். ஒரு விவசாயி ஓராண்டு நகைக்கடனை வாங்கிப் போர் போடுவதாக வைத்துக்கொள்வோம். போர் பத்து ஆண்டில் தரவேண்டிய பலனை வங்கி ஓராண்டில் கேட்கும். தண்ணீர் வந்தாலும் நகை ஏலத்துக்குப் போகும் அபாயம் உண்டு. நீண்ட காலப் பலனுக்கு நீண்ட காலக் கடன், போகப் பலனுக்குப் பயிர்க்கடன் என்ற விதியை மீறக் கூடாது.

6. பங்கு முதல்

1951-52-ல் நாடு முழுவதும் நடந்த ஊரகக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் சுமார் 70 சதவீதம் வட்டிக்குக் கொடுப்பவர்களிடமிருந்தும், கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து 3 சதவீத அளவே என்றும் தெரியவந்தது. நம் நாட்டில் 1904-லேயே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தும் நிலைமை அப்படி இருந்தது. இன்று நாம் 4 சதவீதம் பற்றியும் வட்டியில்லாக் கடன் பற்றியும் பேச முடிகிறதென்றால், சங்கம் வளர்ந்ததும், 1969-ல் 14 வங்கிகள் தேசியமயமானதும், 1982-ல் நபார்டு அமைந்ததும் காரணம்.

சங்கத்தில் கடன் வாங்கும்போது ஒரு பகுதியைப் பங்குத் தொகையாகப் பிடிக்கிறார்கள். "பிடித்தம்" என்று அதை மறந்துவிடுகிறோம். அது பிடித்தம் இல்லை. சங்கத்தில் நம் முதல். பங்கு எவ்வளவாயினும் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு என்பது கூட்டுறவின் விதி. வியாபாரக் கம்பெனியில் பணத்துக்கு ஓட்டு. சங்கத்தில் ஆளுக்கு ஓட்டு. ஆகவே பேரவைக் கூட்டத்துக்குப் போய், வரவு செலவு அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்பது நம் முதலைக் காக்கும் வேலை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இப்படியே. 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாக ஆளுக்கு ரூ.2,000 வரை, நிறுவனத்துக்கு ரூ.15 லட்சம் வரை பங்கு மானியம் வைத்தார்கள். சேர்ந்திருப்பவர்கள் தங்கள் பங்குச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

7. கணக்கில் வராத முதல்

கார்ல் மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட நூலின் பெயரே 'மூலதனம்'. பணம் எப்போது மூலதனம் ஆகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் சந்தைக்குப் போகிறவருக்கு எளிதில் விளங்கும். நாம் நெல்லை விற்றுப் பணமாக்கி, அதில் துணியும் எண்ணெயும் வாங்குகிறோம். வியாபாரி பணத்தைக் கொடுத்து நெல் வாங்கி, அதிகப் பணத்துக்கு விற்கிறார். பொருளில் தொடங்கிப் பொருளில் முடிவது நம் பயணம். பணத்தில் தொடங்கி அதிகப் பணத்தில் முடிவது அவர் பயணம். அறுவடைச் சமயத்தில் விலை குறைந்தாலும் நாம் விற்றே ஆக வேண்டியிருப்பதும், அவர் காத்திருக்க முடிவதும் இதனால்தான்.

அரசு விலை நிர்ணயிக்கும்போது வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் செலவைப் பல வகையாகக் கணக்கிடுகிறது. கையிலிருந்து செய்த செலவோடு குடும்பத்தாரின் உழைப்புக்கும் கூலி சேர்ப்பது ஒரு வகை. சொந்த நிலத்துக்கு வாடகையும், சொந்த மூலதனத்துக்கு வட்டியும் அதோடு சேர்ப்பது இன்னொரு வகை. இதில் செலவு கூடுதலாக வரும். 2025-26-க்குச் சாதாரண நெல்லுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,369. இது முதல் வகைச் செலவான ரூ.1,579-ஐப் போல் ஒன்றரை மடங்கு. நிலத்தின் வாடகையும் மூலதனத்தின் வட்டியும் இதில் சேரவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் (2004-2006) செலவுக்கு மேல் 50 சதவீதம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்தச் செலவுக்கு மேல் என்பதுதான் விவசாயச் சங்கங்கள் எழுப்பும் வழக்கு.

அந்த வழக்கு முடியும்வரை, நம் வீட்டுக் கணக்கிலாவது நம் நிலத்தையும் நம் வீட்டுப் பெண்களின் உழைப்பையும் சும்மா கிடைத்ததாக எழுதக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு ஒன்று வாங்கி மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதியில் மந்தைக் கணக்கு: மாடு, கிடேரி, ஆடு, மோட்டார், விதை இருப்பு, கிணற்றின் நீர்மட்டம், மண்வள அட்டை எண்கள், சங்கப் பங்கு. ஆண்டுக்கு ஒருமுறை தைப் பொங்கலன்று எழுதினால் மறக்காது.

இரண்டாம் பகுதியில் போகச் செலவும் வரவும். வீட்டு ஆட்களின் வேலை நாட்களையும் குறிக்க வேண்டும்.

மூன்றாம் பகுதியில் கடன்: வாங்கிய நாள், வட்டி, கட்ட வேண்டிய கடைசித் தேதி.

அடுத்த பொங்கலுக்கு முதல் பகுதியைப் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். கையில் பணம் இருந்தும் மந்தை குறைந்திருந்தால், அந்த ஆண்டு நாம் சம்பாதிக்கவில்லை, விற்றுச் சாப்பிட்டிருக்கிறோம். கையில் பணம் குறைவாக இருந்தும் கிடேரி வளர்ந்து, மண் தேறி, கடன் குறைந்திருந்தால் அது நல்ல ஆண்டு.

நோயோ கல்யாணமோ வந்து முதலில் கை வைக்க நேரிடலாம். அது குற்றம் இல்லை. ஆனால் தெரிந்து எடுத்தால் திரும்ப வைக்கலாம். தெரியாமல் எடுத்ததை எவரும் திரும்ப வைத்ததில்லை. எண்ணிக்கை நின்றால் உழக்கு நிச்சயம் மிஞ்சும்.